பழைய எண்ணெய்க்கு எந்த லிப்பேஸ்? திரவம், மணி, பூஞ்சை, சொந்த வடிவமைப்பு: ஓர் ஒப்பீடு

பினாங்கில் நாசி கண்டார் கடைகளிலும் மாமாக் கடைகளிலும் பொரித்து மீந்த எண்ணெயைத் திரட்டி பயோடீசல் ஆக்க நினைப்பவர்கள், ஏதோ ஒரு கட்டத்தில் லிப்பேஸ் என்ற நொதியிடம் வந்து சேர்கிறார்கள். பழைய எண்ணெயில் அமிலம் ஏறியிருந்தால் வழக்கமான கார முறை பாதி வழியில் சோப்பாகிவிடும். லிப்பேஸுக்கு அந்த அமிலம் தடையே இல்லை, அதையும் எஸ்டராக்கிவிடும். பயோடீசல் என்பது அந்த எஸ்டர்தான். ஆனால் எந்த லிப்பேஸ், எந்த வடிவில் என்று கேட்டால் நான்கு பாதைகள் பிரிகின்றன: கேனில் வரும் திரவ நொதி, ரெசின் மணிகளில் பிணைத்த நொதி, நொதியைத் தன் உடலிலேயே வைத்திருக்கும் பூஞ்சை, மரபணுவை மாற்றி நாமே வலுப்படுத்தும் நொதி.

பலரும் முதலில் கேட்பது, "எத்தனை டிகிரி வரை தாங்கும்?" இந்த வேலைக்கு அது இரண்டாம் கேள்வி. வினை நடப்பதே 35 முதல் 40 டிகிரி செல்சியஸில்தான். இங்கே நொதியைக் கெடுப்பவை வேறு: எஸ்டராக்கச் சேர்த்து எண்ணெயில் கரையாமல் துளியாக நிற்கும் மெத்தனால், வினையில் பிரிந்து ஒட்டிக்கொள்ளும் கிளிசரின், திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் சேர்ந்த ஆக்சிஜனேற்றப் பொருட்கள், கடையில் பாத்திரம் கழுவும்போது கலந்த சலவைக் கரைசல். உலகில் மிக அதிகமாகப் பயன்படும் பிணைத்த லிப்பேஸ்களில் ஒன்றான கேண்டிடா அண்டார்க்டிகாவின் பி-லிப்பேஸ், அண்டார்க்டிகாவின் வாண்டா ஏரியில் கிடைத்த ஈஸ்டிலிருந்து வந்தது. பனிக் கண்டத்து உயிரியின் நொதி, மணியில் பிணைத்த பிறகு 60 டிகிரியிலும் வேலை செய்கிறது. ஓர் உயிரி எங்கே வாழ்ந்தது என்பது அதன் நொதி எங்கே பிழைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

## நொதி வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

அமில எண், அதாவது ஒரு கிராம் எண்ணெயில் உள்ள அமிலத்தை முறிக்கத் தேவையான பொட்டாசியம் ஹைட்ராக்சைடின் மில்லிகிராம் அளவு, தெரியாமல் எதையும் வாங்க வேண்டாம். ஒன்றிரண்டு கிராம் எண்ணெயை ஐசோப்ரொப்பனாலில் கரைத்து, ஃபீனால்ப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, 0.1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடை இளஞ்சிவப்பு நிலைக்கும்வரை சொட்டுச் சொட்டாக விட்டால் போதும். மிகவும் கறுத்த எண்ணெயில் இளஞ்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. அப்போது எண்ணெயைக் கால் கிராமாகக் குறைத்து, காரத்தையும் 0.02 மோலாராக நீர்த்துக்கொள்ள வேண்டும். கிடைக்கும் அமில எண்ணை இரண்டால் வகுத்தால், கட்டற்ற கொழுப்பமிலத்தின் சதவீதம் ஏறக்குறையக் கைக்கு வந்துவிடும்.

அது 1 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நொதியை மறந்துவிடலாம். எண்ணெய் ஒரு மோலுக்கு மெத்தனால் ஆறு மோல், 60 டிகிரி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். செலவிலும் வேகத்திலும் எந்த லிப்பேஸும் இதை வெல்லாது. 3 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் நொதி போட்டிக்கு வருகிறது. கடைகளின் கொழுப்புப் பொறியில் அள்ளியது, செம்பனை ஆலையின் கழிவுக் குளத்தில் மிதப்பது என்றால் அமிலம் பத்து, இருபது சதவீதம் என்று போகும். அங்கே கந்தக அமிலத்தால் முன்வினை செய்து பிறகு காரம் சேர்ப்பது ஒரு வழி. தொட்டி அரிப்பு, உப்பு கலந்த கிளிசரின், இரட்டை வேலை ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்தால் லிப்பேஸ் பக்கம் தராசு சாயும்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், ஒரு கிலோ நொதி தன் ஆயுள் முழுவதும் எத்தனை கிலோ எஸ்டர் தரும் என்பது. நொதியின் வேகம் நாளாக நாளாகப் பாதி, அதில் பாதி என்று குறைவதாகக் கொண்டால், மொத்த விளைச்சல் என்பது தொடக்க வேகத்தை அரை ஆயுளாலும் (வேகம் பாதியாகக் குறைய ஆகும் காலம்) 1.44 என்ற எண்ணாலும் பெருக்கியது. மணிக்கு 10 கிலோ தரும் நொதியின் அரை ஆயுள் 100 மணி நேரம் என்றால் மொத்தம் 1,440 கிலோ. சூட்டைக் கூட்டினால் வேகம் கூடும். ஆனால் நொதி கெடும் வேகம் அதைவிடச் செங்குத்தாக ஏறும். வேகம் ஒன்றரை மடங்காகி அரை ஆயுள் கால்வாசியானால் நட்டம்தான். விற்பனைத் தாளில் உள்ள "உச்ச வெப்பநிலை" பத்து நிமிடச் சோதனையில் வந்த எண்ணாக இருக்கலாம். அது உங்கள் தொட்டியின் எண் ஆகாது.

இரண்டாவது, அழுக்கு எண்ணெயையும் மெத்தனாலையும் தாங்கும் திறன். மூன்றாவது, வினை முடிந்தபின் மிஞ்சும் அமிலம். ஐரோப்பியத் தரமான இஎன் 14214 எஸ்டர் 96.5 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, அமில எண் 0.50-ஐத் தாண்டக்கூடாது என்கிறது. அமில எண் 0.50 என்றால் கட்டற்ற அமிலம் கால் சதவீதம்தான். நொதி ஆலைகள் சறுக்குவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் படியில். நான்காவது, காலமும் ஆளும் சட்டமும். பயோடீசல் தயாரிக்க மலேசியாவின் 2007-ஆம் ஆண்டு உயிர் எரிபொருள் தொழில் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும் என்பது நான்கு பாதைகளுக்கும் பொது. அதற்கு மேல் ஒவ்வொரு பாதைக்கும் தனித்தனிச் சுமை உண்டு.

எல்லாக் கணக்கிலும் நினைவில் வைக்க வேண்டியது: உற்பத்திச் செலவில் பெரும்பங்கு எண்ணெய் விலைக்கே போகிறது. நொதியில் ஐந்து காசு மிச்சம் பிடித்து, விளைச்சலில் மூன்று சதவீதத்தை இழப்பது தவறான சிக்கனம்.

## திரவ லிப்பேஸ்

நோவோசைம்ஸ் (2024 முதல் நோவோனெசிஸ்) நிறுவனத்தின் எவர்சா டிரான்ஸ்ஃபார்ம் போன்ற திரவ லிப்பேஸ்கள் இந்த வேலைக்காகவே வந்தவை. 100 கிலோ எண்ணெய்க்குக் கணக்கு இப்படி வரும்: நொதி அரை கிலோ, தண்ணீர் 2 கிலோ, மெத்தனால் 17 கிலோ, அதாவது ஏறக்குறைய 21 லிட்டர். வேதியியல் கணக்குப்படி தேவைப்படுவது 11.3 கிலோதான், ஒன்றரை மடங்கு ஊற்றுவது வினையை முன்னே தள்ள. வெப்பம் 35 முதல் 40 டிகிரி. மெத்தனாலை எட்டு, பத்து மணி நேரம் சீராக விட வேண்டும். மொத்தம் ஒரு நாள் ஆகும்.

தண்ணீர் எதற்கு என்ற ஐயம் வரும். இந்த லிப்பேஸ் எண்ணெயும் நீரும் சந்திக்கும் எல்லையில்தான் வேலை செய்கிறது. தண்ணீர் இல்லாமல் விட்டால் எல்லையே இல்லை. அதிகமாக விட்டால் எண்ணெய் அமிலமாக உடைந்து நின்றுவிடும். கலக்கியும் இதே காரணத்தால் வேகமாகச் சுழல வேண்டும். மெதுவாகச் சுற்றும் தொட்டியில் நல்ல நொதியும் சோம்பேறியாகத் தெரியும். குறை நொதியில் இல்லை, துளியின் அளவில் இருக்கிறது.

அதிகம் நடக்கும் தவறு, மெத்தனாலை ஒரே மூச்சில் ஊற்றுவது. கரைய முடியாத மெத்தனால் துளியாகத் திரண்டு, நொதியைச் சுற்றியுள்ள நீரை உறிஞ்சி, அதன் மடிப்பைக் குலைத்துவிடும். அப்படிக் கெட்ட நொதி திரும்புவதில்லை. அடுத்த தவறு, கொழுப்புப் பொறி எண்ணெயில் ஒளிந்திருக்கும் கனிம அமிலத்தைக் கவனிக்காமல் விடுவது. கொழுப்பமிலம் நொதிக்குத் தீங்கில்லை. கந்தக அமிலம் போன்ற வலிய அமிலம் துளி இருந்தாலும் நீர்ப்பகுதியின் பிஎச் சரிந்துவிடும். எண்ணெயோடு சம அளவு வெந்நீரைக் குலுக்கி, கீழே இறங்கும் நீரில் பிஎச் தாளை நனைத்துப் பாருங்கள். 4-க்குக் கீழே போனால், 100 கிலோவுக்கு ஐந்து, பத்து கிராம் சோடியம் ஹைட்ராக்சைடைத் தேவையான நீரிலேயே கரைத்து விட்டால் சரியாகும். அதற்கு மேல் போட்டால் சோப்பு.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. வினை முடிந்ததும் கட்டற்ற அமிலம் 2 சதவீதம் அளவில் மிஞ்சும். அமில எண் 4 என்று பொருள். அதைக் காரத்தால் கழுவினால் 100 கிலோவுக்கு 400 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போதும். ஆனால் அந்த 2 கிலோ அமிலம் சோப்பாகக் கழிவுநீரில் போகும். 2009-ஆம் ஆண்டின் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகளில் தளர்வான பி தரத்துக்கே எண்ணெய்ப் பிசுக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. சோப்பு நீரை அந்த அளவுக்குக் கொண்டுவரும் சாதனம் தொட்டியைவிட விலை கூடலாம். இன்னொன்று, நேரம். ஒரு நாளைக்கு ஒரு டன் வேண்டுமென்றால், நிரப்பவும் படியவும் ஆகும் நேரத்தோடு சேர்த்து இரண்டு தொட்டி வைத்தே ஆக வேண்டும்.

நொதி கிளிசரின் பகுதியில் இறங்கும். அதில் ஒரு பங்கை அடுத்த தொட்டிக்குத் திருப்பி விட்டுப் புதிய நொதியைக் குறைக்கலாம். கூடவே கிளிசரினும் உப்பும் திரும்பி வரும் என்பதால் எத்தனை முறை திருப்பலாம் என்பதை உங்கள் எண்ணெயில் பார்த்துத்தான் சொல்ல முடியும். இன்னொரு சிறு விஷயம்: பினாங்கின் பிறை வட்டாரத்தில் துத்தநாகக் கூரைக் கொட்டகையில் பிற்பகல் சூட்டில் கேனை வைத்தால் மாதக் கணக்கில் சத்து குறையும். ஒரு பழைய குளிர்பெட்டி வாங்குவது நல்ல முதலீடு.

எண்ணெய் வாராவாரம் மாறுகிறது, தீபாவளி முடிந்த வாரத்தில் முறுக்கு எண்ணெய் குவிகிறது, அமிலம் 3-லிருந்து 20 சதவீதம் வரை ஆடுகிறது என்றால் இந்தப் பாதைதான் உங்களுடையது. கெட்டுப்போனாலும் ஒரு தொட்டி நொதிதான் நட்டம்.

## மணியில் பிணைத்த லிப்பேஸ்

நோவோசைம் 435 என்பது முன்னே சொன்ன கேண்டிடா பி-லிப்பேஸை அக்ரிலிக் ரெசின் மணிகளில் ஒட்டவைத்தது. ஒசாகாவில் ஷிமடா குழு 1999-இல் வெளியிட்ட சோதனை இத்துறைக்கே அடிப்படை. மெத்தனாலை மூன்று தவணையாகப் பிரித்து, எண்ணெய் எடையில் 4 சதவீத மணி போட்டபோது, அதே மணிகள் 50 சுற்றுகள் வரை தாங்கின. ஒரே தவணையில் ஊற்றினால் மணிகள் விரைவில் செத்தன. அதாவது அதே நொதி, அதே எண்ணெய். ஊற்றும் முறை ஒன்றுதான் வேறு. உறுதி என்பது நொதிக்குள் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடுவோம். 100 கிலோ எண்ணெய்க்கு 4 கிலோ மணி, 50 சுற்று: ஒரு கிலோ மணிக்கு 1,250 கிலோ எஸ்டர். மணியின் விலை கிலோ 3,000 ரிங்கிட் என்று கணக்குக்காக வைத்தால், எஸ்டர் கிலோவுக்கு 2.40 ரிங்கிட் நொதிச் செலவு. அழுக்கு எண்ணெயில் பத்தே சுற்றில் மணி ஓய்ந்தால் அதுவே 12 ரிங்கிட். எரிபொருளுக்கு இது கட்டுபடியாகாது. திரவ நொதி கிலோ 60 ரிங்கிட் என்று வைத்து, மறுசுழற்சியே இல்லாமல் 0.5 சதவீதம் போட்டாலும் 30 காசுதான். உங்களுக்கு விற்பவர் சொல்லும் விலையை இதே வாய்பாட்டில் போட்டுப் பாருங்கள். சுற்றுகளின் எண்ணிக்கையை மட்டும் அவரிடம் கேட்காதீர்கள், நீங்களே அளவிடுங்கள்.

இந்த மணிகளில் நொதி ஒட்டியிருப்பது வேதிப் பிணைப்பால் அல்ல, வெறும் பரப்புக் கவர்ச்சியால். பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த எண்ணெய் வந்தால் நொதி கழன்று எண்ணெயோடு போய்விடும். மணி கண்ணுக்கு அப்படியே இருக்கும், வேலை மட்டும் நடக்காது. கலக்கியின் இறக்கை மணிகளை உடைத்துத் தூளாக்கும். ஆகவே தூண் போன்ற குழாயில் மணிகளை அடைத்து எண்ணெயை ஓட விடுவதே முறை. அப்போது 10 மைக்ரான் அளவுக்கு வடிகட்டாத மாவுத் துகள் குழாயை அடைக்கும். செம்பனை எண்ணெய்க்கே உரிய தொல்லையும் உண்டு: குளிரூட்டிய ஆய்வகத்தில் பழைய ஓலின் (செம்பனை எண்ணெயின் திரவப் பகுதி) கலங்கிப் படிகம் கட்டும், குழாய்க்கு 40 டிகிரி உறை வேண்டும். கிளிசரின் மணியைப் பூசிக்கொள்வதைத் தடுக்க டெர்ட்-பியூட்டனால் சேர்ப்பார்கள். அது மெத்தனாலையும் கிளிசரினையும் ஒருசேரக் கரைக்கும் நல்ல கரைப்பான்தான். ஆனால் 25 டிகிரியிலேயே உறைவது, அதை வடித்தெடுக்க எரிசக்தியும் ஆகும்.

எண்ணெய் சுத்தமாகவும் ஒரே சீராகவும் கிடைக்கும்போது, அல்லது செய்வது எரிபொருள் இல்லாமல் அழகுசாதன எஸ்டர் போன்ற விலை கூடிய பொருளாக இருக்கும்போது மணிக்கு ஈடு இல்லை. பொருளில் நொதி மிஞ்சாது, கழுவும் நீரும் கிட்டத்தட்ட இல்லை. திரவ முறையில் மிஞ்சிய 2 சதவீத அமிலத்தை, உலர்த்திய பிறகு சிறிய மணித் தூணில் மெத்தனாலோடு ஓடவிட்டு எஸ்டராக்குவது இன்னும் கெட்டியான யோசனை. அழுக்கைத் திரவம் ஏற்கும், மெருகை மணி தரும். அழகுசாதனம், உணவு என்று போகும்போது நொதி எந்த ஊடகத்தில் வளர்ந்தது என்பதற்கான ஹலால் ஆவணத்தையும் வாங்கும் நாளிலேயே கேட்டு வைக்க வேண்டும்.

## பூஞ்சையையே நொதியாக்குவது

தெம்பே செய்யும் பூஞ்சை இனத்தைச் சேர்ந்த ரைசோபஸ் ஒரைசே, தன் செல்லுக்குள்ளேயே லிப்பேஸை வைத்திருக்கும். கோபே பல்கலைக்கழகத்தார் 6 மில்லிமீட்டர் பக்கமுள்ள பாலியூரத்தேன் நுரைத் துண்டுகளை ஊடகத்தில் போட்டு, பூஞ்சையை அதற்குள் வளரவிட்டு, நுரையோடு எடுத்து எண்ணெயில் இட்டார்கள். நொதியைப் பிரிக்கும் செலவும் சுத்திகரிக்கும் செலவும் இல்லை. ஊடகத்தில் லிட்டருக்கு 30 கிராம் ஆலிவ் எண்ணெய் சேர்த்தால் லிப்பேஸ் சுரக்கும். சர்க்கரை சேர்த்தால் பூஞ்சை கொழுக்கும், லிப்பேஸ் குறையும். புதிதாக முயல்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்: தளதளவென்ற வளர்ச்சி நல்ல நொதிக்கு அடையாளம் இல்லை.

விளைச்சல் 80 முதல் 90 சதவீதத்தில் நிற்கும். காரணம், இந்த லிப்பேஸ் கொழுப்பின் முதல், மூன்றாம் இடங்களை மட்டும் வெட்டும். நடுவில் உள்ளது தானாக ஓரத்துக்கு நகரும்வரை காத்திருக்க வேண்டும். 0.1 சதவீத குளூட்டரால்டிஹைடில் நனைத்துக் குறுக்குப் பிணைப்பு போட்டால் ஆறு சுற்றுகளில் 70 முதல் 83 சதவீதம் வரை நிலைக்கிறது. ஒரு சுற்று மூன்று நாள். 96.5 சதவீதத் தரம் இதில் நேரடியாக வராது. கொதிகலனில் எரிக்கும் எண்ணெய்க்கும், மாணவர் ஆய்வுக்கும், கரைப்பானும் குளிர்பெட்டியும் எட்டாத இடத்துக்கும் பொருந்தும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

நுண்ணுயிரையே மெத்தனாலுக்குப் பழக்கி வலுவாக்கலாமே என்ற யோசனையும் வரும்: சிறிது சிறிதாக அளவை ஏற்றி, நூறு தலைமுறை மாற்றி மாற்றி வளர்ப்பது. எரிசாராயம் வடிக்கும் ஈஸ்டுக்கு இது அருமையாகப் பலிக்கும், ஏனென்றால் தாங்கும் செல்லே பெருகும் செல். வெளியே சுரக்கும் லிப்பேஸுக்கு அப்படியே பொருந்தாது. பக்கத்துச் செல் சுரந்த நொதியின் பலனைச் சுரக்காத செல்லும் உண்கிறது. செலவில்லாத அதுவே வேகமாகப் பெருகி, ஐம்பதாம் தலைமுறையில் குடுவை முழுக்க மெத்தனால் தாங்கும், லிப்பேஸ் சுரக்காத கூட்டமாகிவிடும். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ரோடமைன் பி என்ற சாயம் கலந்த ஆலிவ் எண்ணெய்த் தட்டில் பரப்பி, புற ஊதா ஒளியில் ஆரஞ்சாக ஒளிரும் காலனிகளை மட்டும் எடுத்துப் போனால் இதைத் தடுக்கலாம்.

## நாமே வலுப்படுத்துவது

மனம் கவரும் பாதை இது, அதிகம் பணம் விழுங்குவதும் இதுவே. மரபணுவில் தற்செயல் மாற்றங்களைச் செய்து, பிழைத்ததில் சிறந்ததைத் தேர்ந்து மீண்டும் மாற்றும் முறைக்காகத்தான் பிரான்சிஸ் அர்னால்டு 2018-இல் வேதியியல் நோபல் பரிசில் பாதியைப் பெற்றார். ஜெர்மனியின் ரீட்ஸ் குழு 2006-இல் பேசிலஸ் சப்டிலிஸ் லிப்பேஸில், பளிங்கு அமைப்பில் அதிகம் அசையும் இடங்களை மட்டும் குறிவைத்து, பாதிச் செயல் போகும் வெப்பநிலையை 48-லிருந்து 93 டிகிரிக்கு ஏற்றியது. முடியாத காரியம் இல்லை என்பதற்கு இவை சான்று. உங்களுக்குத் தேவையா என்பது தனிக் கேள்வி.

தேவை என்றால் தொடக்க நொதியை உறுதியானதாக எடுங்கள். மாற்றங்களில் பெரும்பாலானவை நொதியைச் சற்றுத் தளர்த்தும். கையிருப்பில் உறுதி நிறைய இருந்தால்தான் பயனுள்ள மாற்றத்தைத் தாங்கி நிற்கும். உள்ளூரிலேயே நல்ல தாய் உண்டு. புத்ரா மலேசியா பல்கலைக்கழக (யுபிஎம்) ஆய்வாளர்கள் செம்பனை ஆலைக் கழிவுநீரில் கண்டெடுத்த ஜியோபேசிலஸ் ஸாலிஹேயின் டி1 லிப்பேஸ் 70 டிகிரியில் உச்சச் செயல் காட்டுகிறது. முப்பரிமாண அமைப்பும் வெளியாகியுள்ளது. சூட்டைத் தாங்கும் இறுக்கமான மடிப்பு மெத்தனாலையும் ஓரளவு தாங்கும் என்பதால் இத்தகைய தாய் நல்ல தொடக்கம். உரிமை பல்கலைக்கழகத்திடம் இருக்கக்கூடும். முதல் மின்னஞ்சல் அவர்களின் தொழில்நுட்ப மாற்றப் பிரிவுக்குப் போகட்டும்.

அடுத்து, எத்தனை காலனி சோதிப்பது? ஓர் இடத்தில் 20 அமினோ அமிலங்களையும் என்என்கே என்ற கலவை முறையில் முயன்றால் 32 கோடான்கள் (அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்து மரபுக் குறிகள்). 95 சதவீதத்தைத் தொட அதைப்போல் மூன்று மடங்கு, அதாவது ஒரு 96 குழித் தட்டு போதும். இரண்டு இடங்களைச் சேர்த்து மாற்றினால் 1,024 சேர்க்கைகள். 3,000-க்கு மேல் காலனி, 32 தட்டுகள். கையால் பிப்பெட் பிடிக்கும் ஆய்வகம் இங்கே மூச்சுத் திணறும். என்டிடி முறையில் 12 அமினோ அமிலங்களோடு நிறுத்திக்கொண்டால் இரண்டு இடங்களுக்கும் 430 காலனி, ஐந்து தட்டு. சிறு குழுவுக்கு இதுதான் புத்திசாலித்தனம். முழு மரபணுவிலும் தற்செயல் மாற்றம் செய்வதானால் ஒரு மரபணுவுக்கு ஒன்றிரண்டு அமினோ அமிலம் மாறும்படி, மரபணு நகலெடுப்பில் பிழையைக் கூட்டும் மாங்கனீசின் அளவை அடக்கி வையுங்கள். மாற்றம் ஐந்து, ஆறு என்று போனால் தட்டில் பெரும்பாலான குழிகள் செத்துக் கிடக்கும்.

எல்லாம் சரியாகச் செய்தும் தோற்பவர்கள் தோற்பது தேர்வு முறையில். பொதுவாகச் செய்வது: செல் சாற்றை 30 முதல் 50 சதவீத மெத்தனாலில் ஒரு மணி நேரம் வைத்து, பாரா-நைட்ரோஃபீனைல் பால்மிடேட்டில் மிஞ்சிய செயலை மஞ்சள் நிறத்தால் அளப்பது. இதில் வெல்வது, நீரில் கரைந்த மெத்தனாலைத் தாங்கும் நொதி. தொட்டியில் நொதி சந்திப்பதோ எண்ணெய்க்கு நடுவே மெத்தனால் துளியின் விளிம்பை. எதைத் தேர்ந்தெடுத்தோமோ அதுவே கிடைக்கும். ஆகவே தட்டில் வென்ற முதல் பத்தை உடனே 5 மில்லி உண்மையான பழைய எண்ணெயில், உண்மையான மெத்தனால் தவணையோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். இந்த இரண்டாம் சல்லடை இல்லாத திட்டத்துக்குப் பணம் தர வேண்டாம்.

காலம்: மரபணு வந்து சேர சில வாரம், ஒரு சுற்றுக்கு இரண்டு பேர் இரண்டு மாதம், மூன்று நான்கு சுற்று. அது முடிந்த பிறகுதான் உற்பத்தி. ஈ. கோலை பாக்டீரியாவில் நொதி திரண்டு கட்டியாகிச் செயலிழக்கலாம். பிக்கியா ஈஸ்ட் வெளியே சுரந்து தரும், ஆனால் நொதிக்கல வளர்ப்பு பல நாள் ஓடும். 2007-ஆம் ஆண்டின் உயிரிப் பாதுகாப்புச் சட்டம் மரபு மாற்றிய உயிரியை மட்டுமல்ல, அதிலிருந்து வரும் பொருளின் வெளியீட்டையும் பார்க்கிறது. மூடிய கலத்துக்குள் பயன்படுத்தவும் அறிவிப்பு தர வேண்டும். புதிய நுண்ணுயிரைச் பேராக்கின் சுங்கை கிளா வெந்நீர் ஊற்றிலிருந்தோ கழிவுக் குளத்திலிருந்தோ எடுப்பதானால், 2020 டிசம்பரில் நடப்புக்கு வந்த உயிரியல் வள அணுகல், பலன் பகிர்வுச் சட்டம் 795-இன் கீழ் அனுமதி வேண்டும். மாதிரி எடுத்த பிறகு விண்ணப்பிப்பது தலைகீழ் வேலை.

எப்போது இது சரி? உங்கள் எண்ணெயில் நொதி எதனால் சாகிறது என்பதை ஒரே சொல்லில் சொல்ல முடிந்து, முன்வினையாலோ ஊற்றும் முறையாலோ அதைத் தீர்க்க முடியவில்லை என்று சோதித்துக் காட்டிய பிறகு. ஆண்டுக்குப் பல ஆயிரம் டன் ஓடும் ஆலையாக இருந்தால் சிறு மேம்பாடும் செலவை ஈட்டிவிடும். மாதம் 20 டன் திரட்டுபவருக்கு ஈட்டாது.

## ஒரே பார்வையில்

| | திரவம் | மணி | பூஞ்சை | சொந்த வடிவமைப்பு |
|---|---|---|---|---|
| தொடங்க ஆகும் காலம் | சில வாரம் | ஒன்றிரண்டு மாதம் | சில மாதம் | ஓர் ஆண்டுக்கு மேல் |
| எதற்கு அஞ்சும் | மெத்தனாலை மொத்தமாக ஊற்றுவது, கனிம அமிலம் | சலவைக் கரைசல், துகள், கிளிசரின் | உலர்வு, கலக்கியின் இழுப்பு | தவறான தேர்வு முறை |
| ஒளிந்திருக்கும் செலவு | மிஞ்சிய அமிலம், சோப்பு நீர், கூடுதல் தொட்டி | வடிகட்டல், உலர்த்தல், கரைப்பான் | குறை விளைச்சல், மூன்று நாள் சுற்று | உரிமை, அனுமதி, உற்பத்திக் கலம் |
| பொருந்தும் இடம் | மாறிக்கொண்டே இருக்கும் அழுக்கு எண்ணெய் | சுத்தமான எண்ணெய், விலை கூடிய எஸ்டர், கடைசி மெருகு | கொதிகலன் எரிபொருள், கற்றல் | பெரிய ஆலை, காரணம் தெரிந்த தோல்வி |

## முடிவெடுக்கும் முன் நான்கு குப்பிகள்

200 கிராம் எண்ணெய் கொள்ளும் நான்கு மூடிய கண்ணாடிக் குப்பிகள், 40 டிகிரி நீர்த்தொட்டி, காந்தக் கலக்கி. ஒவ்வொன்றிலும் திரவ லிப்பேஸ் 1 கிராம், தண்ணீர் 4 கிராம். முதல் குப்பியில் கடையில் வாங்கிய புதிய செம்பனை ஓலின். இரண்டாவதில் உங்கள் பழைய எண்ணெய், 60 டிகிரியில் ஓர் இரவு படியவைத்து வடிகட்டியது. மூன்றாவதில் அதே எண்ணெயை வெந்நீரில் இரண்டு முறை கழுவியது. இந்த மூன்றுக்கும் மெத்தனால் 43 மில்லியை எட்டுப் பங்காக, மணிக்கு ஒரு பங்கு. நான்காவதில் கழுவிய எண்ணெயே, ஆனால் மெத்தனாலை 16 பங்காக்கி 16 மணி நேரம்.

கடைசிப் பங்குக்குப் பிறகு ஒவ்வொரு குப்பியையும் இன்னும் 16 மணி நேரம் ஓடவிட்டு, படியவைத்து, மேல் அடுக்கை எடுங்கள். 3 மில்லியை 27 மில்லி மெத்தனாலில் குலுக்கினால், மாறாத எண்ணெய் அடியில் துளியாக விழும். இதை 20 முதல் 22 டிகிரியில் செய்ய வேண்டும். பினாங்கின் 31 டிகிரி அறையில் கரைதிறன் கூடிவிடும், அரைகுறையாக முடிந்ததும் தேறியதுபோல் காட்டும். பாதி மாறிய மோனோ, டைகிளிசரைடுகள் இந்தச் சோதனையில் தெரியாது என்பதால், விற்கும் பொருளுக்கு வாயு நிறச்சாரல் (கேஸ் குரோமடோகிராபி) அறிக்கை கட்டாயம். அமில எண்ணையும் எழுதி வையுங்கள்.

முதல் குப்பியே தோற்றால் நொதி பழுது, அல்லது கலக்கல் போதவில்லை. முதலாவது தேறி, இரண்டாவது தோற்று, மூன்றாவது தேறினால் உப்பும் சோப்பும்தான் எதிரி. கழுவும் தொட்டி போதும், வேறு நொதி தேட வேண்டாம். முதலாவதும் நான்காவதும் மட்டும் தேறினால் மெத்தனால் பம்பை மெதுவாக்குங்கள். புதிய ஓலினில் தேறி, மற்ற மூன்றிலும் தோற்றால் எண்ணெய் எவ்வளவு ஆக்சிஜனேற்றமாகியிருக்கிறது என்று காட்டும் பெராக்சைடு எண்ணை அளந்து பாருங்கள். அது உயர்ந்திருந்தால் புதிய எண்ணெயைக் கால்வாசி, அரைவாசி கலந்து மீண்டும் ஓட்டி, எந்த விகிதத்தில் நொதி நிமிர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த விகிதத்துக்கான கலப்பு எண்ணெயின் விலையையும் புதிய நொதியை உருவாக்கும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், நான்காவது பாதையில் இறங்கலாமா என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

மெத்தனாலின் தீப்பற்று நிலை 11 டிகிரி. அதாவது இங்கே எல்லா நேரத்திலும் அதன் ஆவி தீப்பிடிக்கும் நிலையில்தான் இருக்கிறது. தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். குப்பிகளைத் திறக்கும் இடத்தில் காற்றோட்டம், கையுறை, தீப்பொறி வராத மோட்டார் மூன்றும் இருக்கட்டும். மின்விசிறியின் சொடுக்கிக்குப் பக்கத்தில் மெத்தனால் கேனை வைக்காதீர்கள்.